அலுவல் தமிழில் தவறான சொற்களைக் களைவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

கடிதம், அறிக்கை, சுற்றறிக்கை, அழைப்பிதழ், கூட்டக் குறிப்பு, ஆய்வேடு ஆகியவற்றை முறையான தமிழில் எழுத வேண்டியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இத்தகைய எழுத்துகளைத் திருத்தும் வேலையை நெடுநாளாகச் செய்துவருகிறேன். புதிதாக வருபவர்களுக்குக் கற்றும் கொடுத்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் தடுமாறும் இடம் ஒன்றுதான். ‘பிழை – திருத்தம்’ என்று இரண்டு பத்திகளாக அச்சிட்ட பட்டியல் ஒன்றை மனப்பாடம் செய்துகொண்டு, எழுதியதை ஒரே ஒரு முறை படித்து எல்லாப் பிழைகளையும் பிடித்துவிடலாம் என்று நம்புகிறார்கள்.

அது நடப்பதில்லை. பட்டியலில் உள்ள சொல் கடிதத்தில் அதே வடிவில் வருவதில்லை. வேற்றுமை உருபும் காலம் காட்டும் இடைநிலையும் ஏறி, வேறு முகத்தோடு வருகிறது. மேலும், பொருளைத் தேடிப் படிக்கும் கண் எழுத்தைப் பார்ப்பதில்லை. ஆகவே, ஒரு சுற்றில் ஒரு வகைப் பிழையை மட்டும் தேடும் முறையையே பரிந்துரைக்கிறேன். மொத்தம் ஐந்து சுற்றுகள். வரிசையை மாற்ற வேண்டாம். காரணத்தை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

1. தொடங்குமுன் தேவைப்படுவன

இரண்டு அகராதிகள் வேண்டும். ஒன்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த இது, இன்று இணையத்திலும் கிடைக்கிறது. மற்றொன்று, க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. ஒரு சொல் தமிழில் இருந்ததா என்பதை முன்னது சொல்லும். இன்று அது எந்தப் பொருளில், எத்தகைய நடையில் வழங்குகிறது என்பதைப் பின்னது சொல்லும். லெக்சிகனில் இருக்கிறது என்பதற்காகவே ஒரு சொல் இன்றைய சுற்றறிக்கைக்குப் பொருந்திவிடாது.

அடுத்து, உங்களுக்கென ஒரு குறிப்பேடு. நீங்கள் செய்யும் பிழைகளை மட்டும் அதில் எழுதுங்கள். ஒருவர் திரும்பத் திரும்பச் செய்யும் பிழைகள் பெரும்பாலும் இருபதைத் தாண்டுவதில்லை. பிறருடைய பிழைகளைச் சுமப்பதால் பயன் இல்லை.

எழுதி முடித்த கையோடு திருத்தாதீர்கள். ஓர் இரவாவது இடைவெளி விடுங்கள். முடிந்தால் தாளில் அச்சிட்டுக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் திரையில் எழுத்துருவையாவது பெரிதாக்குங்கள். ர, ற வேறுபாடும் ன, ண வேறுபாடும் சிறிய எழுத்தில் கண்ணுக்குத் தப்பிவிடும்.

2. பயிற்சிக்கு ஒரு பத்தி

பயிற்சிக்காகவே நான் எழுதி வைத்திருக்கும் கூட்டக் குறிப்பு ஒன்றைக் கீழே தருகிறேன். மேலே படிக்குமுன் இதில் எத்தனை பிழைகள் என்று எண்ணிப் பாருங்கள்.

“மறைந்த தலைவர் சங்கத்திற்கு அழித்த நன்கொடைகளை நினைவுகூறி இறங்கல் தீர்மானம் நிறைவேற்றப்பட்டன. அவருடைய படத்தை அலுவலகச் சுவற்றில் மாட்டவும், ஒவ்வொரு கிளைகளிலும் அவர் பெயரில் நூலகம் அமைக்க முயற்சிக்கவும் முடிவு செய்யப்பட்டது. இதைப் பத்தி செயலாளர் மற்றும் பொருளாளர் விளக்கினார். இறுதியில் அனைத்து உறுப்பினர்களுக்கும் மணமார்ந்த நன்றி தெரிவிக்கப்பட்டது.”

சந்தியை, அதாவது சொற்கள் சேரும் இடத்தில் ஒற்று மிகுவதையும் மாறுவதையும், கணக்கில் சேர்க்காமல், பன்னிரண்டு இடங்களில் கை வைக்க வேண்டியிருக்கிறது. புதியவர்கள் முதல் வாசிப்பில் ஐந்தாறு கண்டுபிடிப்பார்கள். எஞ்சியவை ஏன் தப்புகின்றன என்பதைச் சுற்றுச் சுற்றாகப் பார்ப்போம்.

3. முதற்சுற்று: பொருளையே புரட்டிவிடும் எழுத்துகள்

முதலில் ர–ற, ல–ள–ழ, ந–ன–ண மயக்கங்களை மட்டும் தேடுங்கள். இதை முதலில் வைப்பதற்குக் காரணம், இதில் நேரும் பிழைதான் மிகுதியான சேதத்தை உண்டாக்குகிறது என்பதே. நேரம் இல்லாமல் ஒரே ஒரு சுற்றோடு நிறுத்த நேர்ந்தாலும், அது இந்தச் சுற்றாக இருக்கட்டும்.

மேலே உள்ள பத்தியில் தலைவர் நன்கொடைகளை ‘அழித்தார்’ என்று இருக்கிறது. அளித்தல் கொடுத்தல், அழித்தல் இல்லாமல் ஆக்குதல். ‘இறங்கல்’ மேலிருந்து கீழே வருவது. ‘இரங்கல்’ துயரத்தில் பங்கு கொள்வது. ‘மணமார்ந்த’ என்றால் நறுமணம் நிறைந்த என்று பொருள். நன்றிக்கு வேண்டியது ‘மனமார்ந்த’. எல்லாமே நல்ல தமிழ்ச் சொற்கள் என்பதால், சொல் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கும் பிழைதிருத்தி மென்பொருள் இவற்றின் கீழ்ச் சிவப்புக் கோடு போடாது.

‘இறங்கல்’ என்று அச்சான துயர அறிவிப்பு ஒன்றை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். மூன்று பேர் மெய்ப்புப் பார்த்த தாள் அது. எழுத்துக்கூட்டிப் படிக்காமல், ‘இதுதான் இருக்கும்’ என்ற எதிர்பார்ப்போடு மூவரும் படித்திருந்தார்கள். துக்கத்தில் இருக்கும் குடும்பத்தின் கையில் அந்தத் தாள் போய்ச் சேர்ந்ததை நினைக்கும்போது இன்றும் வருத்தமாக இருக்கிறது.

வாய்விட்டுப் படித்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். இந்தச் சுற்றுக்கு அது உதவாது. இன்றைய பேச்சில் பலர் ர, ற இரண்டையும் ஒன்றுபோலவே ஒலிக்கிறார்கள். காதுக்குக் கேட்காத வேறுபாட்டை வாய் எப்படிக் காட்டிக்கொடுக்கும்? அதற்குப் பதிலாக, இந்த எழுத்துகள் வரும் ஒவ்வொரு சொல்லின் மீதும் விரலை வைத்து, ‘இதன் வினை எது?’ என்று கேளுங்கள். இரங்கு, இறங்கு என்று வினையை நிறுத்திப் பார்த்த உடனே எது வேண்டும் என்பது தெளிந்துவிடும்.

‘நினைவுகூறி’ என்பதில் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். நன்றி கூறுகிறோம், கருத்துக் கூறுகிறோம். ஆகவே நினைவையும் கூறுவதாக எண்ணிவிடுகிறார்கள். இங்கே உள்ள வினை ‘கூர்’. மிகுதல் என்பது அதன் பொருள். நினைவுகூர்ந்தார், அன்புகூர்ந்து, அருள்கூர்ந்து, தயவுகூர்ந்து எல்லாம் ஒரே குடும்பம். ‘அன்பு கூறி வருக’ என்று எவரும் எழுதுவதில்லையே என்று நினைத்துக்கொண்டால் மறக்காது.

அலுவல் எழுத்தில் அடிக்கடி இடம் மாறும் வேறு சில: ‘என்னைப் பொறுத்தவரை’ என்பதில் வல்லின ற, பொருத்துதல் ஒன்றோடு ஒன்றை இணைப்பது. ‘பங்கேற்க விழைகிறேன்’ என்பதில் ழ; விளைவது பயிர். அலுவலகத்தில் செய்வது பணி. குளிரில் பெய்வது பனி. ‘அளப்பரிய’ என்பது அளப்பதற்கு அரிய என்று பிரியும். அங்கே ற வர வழியே இல்லை.

இந்தச் சுற்றில் ஓர் எச்சரிக்கை உண்டு. கணினியில் ‘அழி’ என்பதைத் தேடி எல்லா இடங்களிலும் ‘அளி’ என்று ஒரே சொடுக்கில் மாற்றிவிடாதீர்கள். பேரழிவைப் பற்றிய அறிக்கை ஒன்றில் அப்படி மாற்றியவர், ‘பேரளிவு’ என்று ஆகிவிட்டதைப் பக்கம் பக்கமாகத் திருத்திக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். தேடுவதற்குக் கணினியைப் பயன்படுத்துங்கள். மாற்றுவதை ஒவ்வொன்றாக நீங்களே செய்யுங்கள்.

4. இரண்டாம் சுற்று: பகுதியைத் தேடுதல்

இந்த வழிகாட்டியின் மையமே இதுதான். பட்டியல் நூறு சொற்களுக்கு விடை சொல்லும்; சொல்லின் பகுதியை, அதாவது அது பிறந்த அடிச்சொல்லைக் கண்டுபிடிக்கப் பழகியவருக்குப் பட்டியலில் இல்லாத சொல்லுக்கும் விடை கிடைக்கும்.

‘சுவற்றில்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு, ஆற்றில்; வயிறு, வயிற்றில்; கிணறு, கிணற்றில். ‘று’ என்று முடியும் இச்சொற்கள் உருபு ஏற்கும்போது றகரம் இரட்டிக்கிறது. சுவர் ‘ர்’ என்று முடிகிறது. இரட்டிக்க அதில் றகரமே இல்லை. ஆகவே, சுவரில், சுவரை, சுவருக்கு. ‘தேரில்’ என்று சொல்கிறோம். ‘தேற்றில்’ என்று சொல்வதில்லை.

‘கோர்த்து’ என்பது அடுத்தது. பார் என்பதிலிருந்து பார்த்து வருகிறது. கா என்பதிலிருந்து காத்து வருகிறது. மணியைக் கோக்கும் வினையின் பகுதி ‘கோ’. கோவை என்ற பெயர்ச்சொல்லில் அது தெளிவாகத் தெரிகிறது. எனவே கோத்து, கோத்தார், கைகோத்து. இடையில் ரகரம் எங்கிருந்தும் வரவில்லை. ‘கோர்வையாக’ என்பதும் ‘கோவையாக’ என்றே இருக்க வேண்டும்.

‘முயற்சித்தார்’ இன்று எல்லா இடங்களிலும் காணப்படுகிறது. முயல் என்பது வினை. முயன்றார், முயல்கிறார், முயல்வார். முயற்சி அதிலிருந்து பிறந்த பெயர். பெயரை மறுபடியும் வினையாக்க வேண்டுமானால் ‘முயற்சி செய்தார்’ என்று துணை வினை சேர்க்க வேண்டும். மகிழ்ச்சி என்பதிலிருந்து ‘மகிழ்ச்சித்தார்’ என்றோ, பயிற்சி என்பதிலிருந்து ‘பயிற்சித்தார்’ என்றோ யாரும் எழுதுவதில்லை. அதே தரத்தில்தான் ‘முயற்சித்தார்’ என்பதும் இருக்கிறது. பழக்கத்தால் நமக்கு உறுத்தவில்லை, அவ்வளவுதான்.

‘பதட்டம்’ என்பதற்கும் இதே சோதனை. மாறு, மாற்றம்; முன்னேறு, முன்னேற்றம்; பதறு, பதற்றம். ‘பதடு’ என்று ஒரு வினை இருந்தால்தான் ‘பதட்டம்’ வர முடியும். மனம் என்பதும் மரம்போல உருபு ஏற்கும்: மரத்தில், மனத்தில். ‘மனது’ என்ற வடிவமும் வழக்கில் இருப்பதால் ‘மனதில்’ என்பதைக் கதையிலும் உரையாடலிலும் நான் தொடுவதில்லை; அறிக்கையில் மட்டும் ‘மனத்தில்’ என்று ஆக்கிவிடுவேன்.

‘அருகாமை’ என்பதைப் பாருங்கள். அறியாமை, கல்லாமை, இல்லாமை எல்லாம் ஒன்று இல்லாததைக் குறிப்பவை. அருகு என்பதோடு அதே எதிர்மறையைச் சேர்த்துவிட்டு, பக்கத்தில் இருப்பதைச் சொல்ல நினைக்கிறோம். ‘அலுவலகத்தின் அருகில்’ என்றால் போதும், சொல்லும் சுருக்கமாகிறது.

ஒற்று மிகுந்து வரும் பிழைகளையும் இந்தச் சுற்றிலேயே பார்த்துவிடலாம். முயற்ச்சி, பயிற்ச்சி, அதற்க்கு, கேட்க்க என்று எழுதுபவர்கள் பலர். தமிழ்ச் சொல்லுக்குள் ட், ற் ஆகிய இரண்டையும் அடுத்து இன்னொரு புள்ளி வைத்த எழுத்து வராது. இந்த ஒரு விதி போதும்: முயற்சி, பயிற்சி, அதற்கு, கேட்க. ஆனால் ர், ழ் ஆகியவற்றுக்கு இந்தத் தடை இல்லை. வளர்ச்சி, மகிழ்ச்சி, வாழ்க்கை ஆகியவற்றில் இரண்டாவது ஒற்று இருந்தே தீர வேண்டும். ‘வளர்ச்சி’யைப் பார்த்து ‘முயற்ச்சி’ எழுதுவதும், ‘முயற்சி’யைப் பார்த்து ‘வளர்சி’ எழுதுவதும் ஒரே குழப்பத்தின் இரண்டு பக்கங்கள்.

காரணம் தேடாமல் மாற்றிவிட வேண்டிய சில: கணிணி அன்று, கணினி; உடமை அன்று, உடைமை; மென்மேலும் அன்று, மேன்மேலும்; கீழ்கண்ட அன்று, கீழ்க்கண்ட.

இங்கே புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, அளவுக்கு மீறித் திருத்துவது. ‘சுவற்றில்’ பிழை என்று கற்றுக்கொண்ட மறுநாளே ‘வயிற்றில்’ என்பதை ‘வயிறில்’ என்று மாற்றியவர்கள் உண்டு. ‘கோர்த்து’ பிழை என்றதும் ‘சேர்த்து’ என்பதைச் ‘சேத்து’ ஆக்கியவர்களும் உண்டு. விதியைச் சொல்லோடு சேர்த்து மனப்பாடம் செய்ததால் வந்த வினை இது. மாற்றுமுன் பகுதியை எழுதிப் பாருங்கள்: வயிறு, சேர். இரண்டும் அப்படியே இருக்க வேண்டியவை.

5. மூன்றாம் சுற்று: எழுவாயும் பயனிலையும் பொருந்துகின்றனவா?

இந்தச் சுற்றில் பின்னாலிருந்து முன்னால் செல்லுங்கள். தொடரின் இறுதியில் உள்ள வினைமுற்றுக்கு அடிக்கோடு இட்டு, அதற்கு உரிய எழுவாயைத் தேடிப் பின்னோக்கிப் போங்கள். நீண்ட தொடரில் எழுவாய்க்கும் வினைக்கும் இடையில் பல பன்மைச் சொற்கள் வந்துவிடுவதால், அருகில் உள்ள சொல்லோடு வினை ஒட்டிக்கொள்கிறது. பயிற்சிப் பத்தியில் நன்கொடைகள் பல. ஆனால் நிறைவேறியது தீர்மானம் ஒன்றுதான். எனவே ‘நிறைவேற்றப்பட்டது’. விளக்கியவர் இருவர், எனவே ‘விளக்கினர்’.

‘ஒவ்வொரு’ என்பது ஒன்றை மட்டுமே சுட்டும். ‘ஒவ்வொரு கிளையிலும்’ என்று எழுதலாம். அல்லது ‘எல்லாக் கிளைகளிலும்’ என்று எழுதலாம். இரண்டையும் கலந்து ‘ஒவ்வொரு கிளைகளிலும்’ என்று எழுதக் கூடாது.

மக்களைக் குறிக்க ‘அனைவரும்’. பொருள்களைக் குறிக்க ‘அனைத்தும்’. ‘அனைத்து உறுப்பினர்களும்’ என்பதைவிட ‘உறுப்பினர் அனைவரும்’ என்பதே முறை. ஒருமைக்குத் தன், பன்மைக்கும் மரியாதைக்கும் தம்: ‘அவர் தன் கடமையை’ என்பது ‘அவர் தம் கடமையை’ என்று ஆக வேண்டும். ஒருவன் என்பதற்குப் பெண்பால் ஒருத்தி. ‘ஒருவள்’ என்று ஒரு சொல் மரபில் இல்லை.

உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லின் முன் ஓர், மற்றவற்றின் முன் ஒரு: ஓர் அறிவிப்பு, ஒரு கடிதம். ‘ஓர்’ என்றால் இலக்கியத் தன்மை கூடும் என்று எண்ணி ‘ஓர் கடிதம்’ என்று எழுதுவது, ‘ஒரு அறிவிப்பு’ என்பதைவிடக் கூடுதலாகக் கண்ணை உறுத்தும்.

அன்று, அல்ல, அல்லர், இல்லை ஆகியவற்றைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். அது அன்று, அவை அல்ல, அவன் அல்லன், அவள் அல்லள், அவர் அல்லர், நாம் அல்லோம் என்பது இலக்கணம். ‘இல்லை’ இருப்பை மறுப்பது: ‘அவர் கூட்டத்தில் இல்லை’, ‘அவர் உறுப்பினர் அல்லர்’. இன்றைய உரைநடையில் ‘அல்ல’ எல்லா இடங்களுக்கும் பொதுவாகிவிட்டது. தேர்வுத் தாளிலும் ஆய்வேட்டிலும் இலக்கணப்படியே எழுதுங்கள்; அன்றாடச் சுற்றறிக்கையில் ‘அல்ல’ வந்தால் நான் குற்றம் சொல்வதில்லை. ஆனால், ஒரே பக்கத்தில் ஓரிடத்தில் ‘சரியன்று’ என்றும் மற்றோரிடத்தில் ‘சரியல்ல’ என்றும் இருந்தால் கட்டாயம் திருத்துவேன்.

6. நான்காம் சுற்று: பேச்சிலிருந்து நழுவி வந்த சொற்கள்

ரொம்ப, அப்புறம், வெச்சு, நேத்து ஆகியவை எழுதும்போதே கண்ணில் பட்டுவிடும். மிகவும், பின்னர், வைத்து, நேற்று என்று மாற்றிவிடலாம். எழுத்துத் தமிழின் உடையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவையே தப்பிப்பவை. ‘இதைப் பத்தி’ அவற்றுள் ஒன்று. பத்தி என்றும் ஒரு சொல் இருப்பதால் கண் அதைக் கடந்துவிடுகிறது. வேண்டியது ‘இதைப் பற்றி’. ‘சிலவு’ என்பது ‘செலவு’. ‘கையெழுத்துப் போட்டு’ என்பது கடிதத்தில் ‘கையெழுத்திட்டு’ என்று இருப்பது நல்லது.

இந்தச் சுற்றை நான்காவதாக வைத்ததற்குக் காரணம், முந்தைய சுற்றுகளில் தொடரை மாற்றி எழுதும்போது அவசரத்தில் புதிய பேச்சுச் சொற்கள் நுழைந்துவிடுகின்றன என்பதே.

7. ஐந்தாம் சுற்று: இல்லாமலே இருக்கக்கூடிய சொற்கள்

‘மற்றும்’ என்ற சொல்லைத் தேடுங்கள். ஆங்கிலத் தொடரை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதும்போது இது வந்து ஒட்டிக்கொள்கிறது. தமிழில் அந்த வேலையை ‘உம்’ செய்யும்: செயலாளரும் பொருளாளரும். மூன்று, நான்கு பெயர்கள் இருந்தால் ‘ஆகியோர்’, ‘ஆகியவை’ இருக்கின்றன. அதற்காக ஒரு ‘மற்றும்’ கூட இருக்கக் கூடாது என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். நிறுவனங்களின், துறைகளின் அதிகாரப்பூர்வப் பெயரில் அது இருந்தால் அப்படியே விடுங்கள். பெயரைத் திருத்த நமக்கு உரிமை இல்லை.

‘அவர் ஒரு ஆசிரியர்’ என்பதில் ‘ஒரு’ தேவையில்லை. ‘ஓர்’ என்று மாற்றுவதைவிட எடுத்துவிடுவதே மேல்: ‘அவர் ஆசிரியர்.’

இரட்டிப்புகளைக் கவனியுங்கள். ‘காலம் தாழ்ந்தபோதிலும், ஆனால்’ என்பதில் இரண்டில் ஒன்று போதும். ‘சுமார் 40 பேர் வரை’ என்பதில் சுமார் ஓர் உத்தேசம், வரை ஓர் எல்லை. இரண்டும் ஒன்றாக நிற்க முடியாது. ‘ஏனென்றால்’ என்று தொடங்கி ‘என்பதால்’ என்று முடியும் தொடர்களும் அப்படியே.

8. இரு வடிவமும் வழங்கும் சொற்களுக்கு ஒரு முடிவு

வாழ்த்துகள், வாழ்த்துக்கள்; நாள்கள், நாட்கள்; கறுப்பு, கருப்பு; ஏற்கெனவே, ஏற்கனவே. இவற்றில் அறிஞர்களிடையேயும் கருத்து வேறுபாடு உண்டு. நான் ஒவ்வோர் இணையிலும் முதலில் உள்ளதையே பயன்படுத்துகிறேன். முதல் இரண்டு இணைகளில் ‘கள்’ பன்மை விகுதி மட்டுமே என்பதால், இடையில் ஒற்று மிகுவதற்கோ ‘ள்’ திரிவதற்கோ தேவை இல்லை என்ற விளக்கம் எனக்கு ஏற்புடையதாக இருக்கிறது. நீங்கள் வேறு முடிவெடுக்கலாம். ஆனால் எடுத்த முடிவைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி, ஆவணம் முழுவதும் அதையே பின்பற்றுங்கள். குழுவாக எழுதும் இடத்தில் இதை வேலை தொடங்குமுன்பே பேசி முடித்துவிட வேண்டும். இல்லையென்றால், ஒருவர் திருத்தியதை மற்றவர் திரும்ப மாற்றுவதிலேயே நாள் போய்விடும்.

9. திருத்திய பத்தியும் அதன்பின் செய்ய வேண்டியதும்

ஐந்து சுற்றுகளும் முடிந்தபின் பயிற்சிப் பத்தி இப்படி நிற்கும்:

“மறைந்த தலைவர் சங்கத்திற்கு அளித்த நன்கொடைகளை நினைவுகூர்ந்து இரங்கல் தீர்மானம் நிறைவேற்றப்பட்டது. அவருடைய படத்தை அலுவலகச் சுவரில் மாட்டவும், ஒவ்வொரு கிளையிலும் அவர் பெயரில் நூலகம் அமைக்க முயலவும் முடிவு செய்யப்பட்டது. இதைப் பற்றிச் செயலாளரும் பொருளாளரும் விளக்கினர். இறுதியில் உறுப்பினர் அனைவருக்கும் மனமார்ந்த நன்றி தெரிவிக்கப்பட்டது.”

முதற்சுற்றில் நான்கு, இரண்டாம் சுற்றில் இரண்டு, மூன்றாம் சுற்றில் நான்கு, கடைசி இரண்டு சுற்றுகளில் ஒவ்வொன்று. உங்கள் எழுத்தில் இந்தக் கணக்கு வேறாக இருக்கும், அதைக் குறித்துவையுங்கள். எந்தச் சுற்றில் கூடுதலாகப் பிடிபடுகின்றனவோ, அந்தச் சுற்றுக்கு அடுத்த முறை கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்.

குறிப்பேட்டில் எழுதும்போது பிழையான வடிவத்தை எழுதாதீர்கள். பார்த்துப் பார்த்து அதுவே கண்ணில் பதிந்துவிடும். பகுதியையும் சரியான வடிவத்தையும் மட்டும் எழுதுங்கள்: ‘கோ – கோத்து’, ‘பதறு – பதற்றம்’, ‘முயல் – முயன்றார்’. சந்தியைப் பார்ப்பது இவை அனைத்துக்கும் பிறகுதான். சொல் மாறினால் அதன் முன்னும் பின்னும் ஒற்று மாறும். ‘பத்தி’ இருந்த இடத்தில் ‘பற்றி’ வந்ததும் அடுத்து ‘ச்’ வந்து நிற்பதை மேலே உள்ள பத்தியிலேயே காணலாம்.